70-200ல 2.8ஆ, 4ஆ, இல்ல 100-400ஆ? ஸ்டில்ஸ், வீடியோ ரெண்டும் எடுக்குறவங்களுக்கு எந்த டெலி ஜூம்

டெலி ஜூம் (தூரத்துல இருக்குறத கிட்ட இழுத்துக் காட்டுற லென்ஸ்) ஒண்ணு வாங்கணும் எது நல்லதுன்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான், ஸ்டில்ஸ் எவ்வளவு எடுப்பீங்க, வீடியோ எவ்வளவு எடுப்பீங்க. ரெண்டும் பாதிப் பாதின்னு சொன்னாங்கன்னா அங்கதான் சிக்கல், ஏன்னா ஸ்டில்ஸ் எடுக்குறவர் சொல்ற யோசனையும் வீடியோ எடுக்குறவர் சொல்ற யோசனையும் நேர் எதிரா இருக்கும், ரெண்டு பேருமே தப்பா சொல்லல, அவங்கவங்க வேலைக்கு அது அதுதான் சரி. நான் ரெண்டையும் ஒரே பாடியில ஒரே லென்ஸ்ல எடுக்குறவன், ரெண்டு பக்கமும் அடி வாங்கினவன், அந்த அனுபவத்துல எழுதுறேன்.

மொத அடி இப்படி. மேடையில ஒரு டான்ஸ், கையில இருந்தது அபர்ச்சர் 4.5-5.6னு போட்ட ஒரு பழைய ஜூம் (லென்ஸ் எவ்வளவு தொறக்கும்ங்கிற எண், சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம்), எக்ஸ்போஷர் எல்லாத்தையும் மேனுவல்ல பூட்டிட்டு ட்ரைபாட்ல வெச்சு எடுத்துட்டு இருக்கேன். ஆடுறவங்க மெதுவா முன்னாடி வந்து உக்காந்து முகத்துலயே அபிநயம் பிடிக்க ஆரம்பிச்சாங்க, நானும் அவங்க வேகத்துக்கு மெதுவா ஜூம் உள்ள போறேன், போகப் போக ஃப்ரேம் இருட்டிக்கிட்டே வருது. லைட்டத்தான் கொறைக்குறாங்க போலன்னு தலையத் தூக்கிப் பாத்தா மேடை வெளிச்சம் அப்படியேதான் இருக்கு. லென்ஸ்தான் 4.5ல இருந்து 5.6க்கு எறங்கியிருக்கு, முக்கா ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கம்மி (வெளிச்சம் பாதியானா ஒரு ஸ்டாப்). அடுத்த தடவை பெரிய புத்திசாலி மாதிரி ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டேன் (வெளிச்சத்த எவ்வளவு ஏத்திக் காட்டணும்னு கேமராவே பாத்துக்கும்), இருட்டாகல, ஆனா ஜூம் பண்றப்ப வெளிச்சம் படி படியா குதிச்சுது, அது இன்னும் அசிங்கம். இத்தனைக்கும் அந்த லென்ஸ்ல ரெண்டு வருஷமா ஸ்டில்ஸ் எடுத்திருக்கேன், இப்படி ஒரு குறை இருக்குன்னே தெரியாது, ஸ்டில்ஸ்ல ஒவ்வொரு படமும் தனி, கேமரா அதுக்குத் தகுந்த மாதிரி அளந்துக்கும், அடுத்த படத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு போடுவோம், இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அதே மேடை அதே லைட். ஸ்டில்ஸ்ல கை கால் உறைஞ்சு நிக்கணும்னா ஷட்டர் 1/500 வேணும், 2.8 லென்ஸ்ல ஐஎஸ்ஓ 3200 போகுதுன்னு வெச்சுக்கோங்க. அங்கயே 5.6 லென்ஸ் போட்டா ரெண்டு ஸ்டாப் போச்சு, நாலு மடங்கு வெளிச்சம் போச்சு, ஐஎஸ்ஓ 12800 ஆயிடும், முடி புருவம் எல்லாம் கொழ கொழன்னு வரும். சரி வீடியோவுக்கு வாங்க. செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா ஷட்டர் 1/50, அதாவது ஸ்டில்ஸ விட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வருது, அந்த 5.6 லென்ஸே போட்டாலும் ஐஎஸ்ஓ 1280 போதும். கவனிச்சீங்களா, ஸ்டில்ஸுக்கு 2.8 லென்ஸ் போட்டும் 3200 தேவைப்பட்ட எடத்துல வீடியோவுக்கு 5.6 லென்ஸ் போட்டு 1280ல முடிஞ்சுது. வீடியோவுக்கு 2.8 இல்லாம முடியவே முடியாதுன்னு அடிச்சுச் சொல்றவங்க யாரும் இந்தக் கணக்க உக்காந்து போட்டிருக்க மாட்டாங்க.

வெயில்ல கதை தலைகீழ். உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50, அபர்ச்சர் 2.8ன்னு வெச்சா ஆறு ஸ்டாப் அதிகம், லாக் ப்ரொஃபைல்ல (பின்னாடி கலர் திருத்த வசதியா எடுக்குற வீடியோ மோடு) பேஸ் ஐஎஸ்ஓ 800னு இருந்தா ஒன்பது ஸ்டாப். என்டி ஃபில்டர் (வெளிச்சத்தக் கொறைக்குற கருப்புக் கண்ணாடி) இல்லாம அந்த 2.8 சும்மா அலங்காரத்துக்குத்தான். ஸ்டில்ஸுக்கு ஷட்டர ஏத்தி விட்டா முடிஞ்சுது.

அதனால நான் எப்படிப் பிரிச்சுப் பாக்குறேன்னா, ஸ்டில்ஸுக்கு லென்ஸ்கிட்ட வேணுங்கிறது வெளிச்சம். வீடியோவுக்கு வேணுங்கிறது அடக்கம். ஜூம் பண்ணா வெளிச்சம் மாறக்கூடாது, உடம்பு நீளக்கூடாது, ஃபோகஸ் மாத்துனா ஃப்ரேம் சுருங்கி விரியக்கூடாது, கையில பிடிச்சா ஆடக்கூடாது. எந்த லென்ஸுக்கு எதுல எவ்வளவு மார்க்குன்னு பாத்தா போதும், ஷார்ப்னஸ் சார்ட்ட எல்லாம் தூக்கி ஓரமா வைங்க.

மொதல்ல எல்லாரும் ஆசைப்படுற 70-200 2.8, அதாவது 70ல இருந்து 200 எம்எம் வரைக்கும் ஜூம் ஆகுற, அபர்ச்சர் 2.8 உள்ள லென்ஸ். ஒவ்வொரு கம்பெனிக்கும் இது கௌரவப் பிரச்சனை, அதனால இப்ப வர்றதுல மோசமான 70-200 2.8னு ஒண்ணு கெடையாது, வித்தியாசம் எல்லாம் எடையிலயும் நடத்தையிலயும்தான். சோனியோட உயர்ந்த ரக ஜிஎம் வரிசையில மொத மாடல் 2016ல வந்தது 1480 கிராம், 2021ல வந்த ரெண்டாவது மாடல் ட்ரைபாட் காலர் (ட்ரைபாட்ல மாட்டுற வளையம்) இல்லாம 1045 கிராம், ஏறக்குறைய ஒரு சின்ன பாடியோட எடைய எறக்கியிருக்காங்க. ஜூம் உள்ளுக்குள்ளயே நடக்கும், அபர்ச்சர் ரிங் இருக்கு, அதுல க்ளிக்க எடுத்துட்டு வழவழன்னு திருப்பலாம், ப்ரீதிங் (ஃபோகஸ் மாத்துனா ஃப்ரேம் சுருங்கி விரியுறது) நல்லா கட்டுப்படுத்தியிருக்காங்க. நிக்கான் இசட் 70-200ம் உள்ளுக்குள்ள ஜூம்தான், காலர் இல்லாம 1360 கிராம். சிக்மா 2023 கடைசியில சோனி, எல் மவுண்ட் ரெண்டுக்கும் விட்ட 70-200 ஸ்போர்ட்ஸ் 1335 கிராம், அதுவும் நீளாது, அதுலயும் அபர்ச்சர் ரிங் இருக்கு, காசு பாக்குறவங்களுக்கு நல்ல வழி. தூக்கிட்டு நிக்குறப்ப அந்த 300 கிராம் தெரியுமான்னு கேட்டா மொத அரை மணி நேரம் தெரியாது, மூணாவது மணி நேரத்துல மணிக்கட்டு சொல்லும்.

கேனான் கதைதான் சுவாரசியம். 2019ல மிரர்லெஸ் பாடிக்கான ஆர்எஃப் மவுண்ட்ல 70-200 2.8 விட்டாங்க, 1070 கிராம், மடக்குனா பையில குறுக்கால போடலாம் அவ்வளவு குட்டை, ஆனா ஜூம் பண்ணா மூக்கு வெளிய வரும், டெலிகன்வெர்ட்டர் (தூரத்த இன்னும் கூட்ட நடுவுல மாட்டுற சின்ன லென்ஸ்) ஏறாது. ஸ்டில்ஸ் ஆளுங்க கொண்டாடினாங்க, வீடியோ ஆளுங்க மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2024ல அதே 70-200 2.8ஐ இசட்னு ஒரு எழுத்து சேத்து மறுபடி விட்டாங்க, ஜூம் உள்ளுக்குள்ள, கன்வெர்ட்டர் ஏறும், ஐரிஸ் ரிங் (அபர்ச்சர் ரிங்தான்) இருக்கு, பவர் ஜூம் அடாப்டர் மாட்டலாம், எடை சுமார் 1.1 கிலோதான். ஒரே ஃபோகல் லெங்த், ஒரே அபர்ச்சர், ஆனா ஸ்டில்ஸ்காரனுக்கு ஒண்ணு வீடியோகாரனுக்கு ஒண்ணுன்னு அந்தக் கம்பெனியே ரெண்டு செய்யுது, நான் மேல சொன்ன பிரிவினைக்கு இத விட சாட்சி தேவையில்ல.

மூக்கு நீளுறது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னா, கிம்பல்ல (கேமரா ஆடாம பிடிக்குற மோட்டார் கைப்பிடி) ஒரு தடவை வெச்சுப் பாருங்க. 70ல வெச்சு நிதானமா பேலன்ஸ் பண்ணி, கேமரா எந்தப் பக்கம் சாய்ச்சாலும் அங்கயே நிக்குற அளவுக்கு கொண்டு வந்திருப்பீங்க, ஷாட் நடுவுல 150க்கு திருப்புனதும் முன்னாடி கண்ணாடி குரூப் மொத்தமும் வெளிய போய் எடை முன்பக்கம் சாயும், மோட்டார் இழுத்துப் பிடிச்சு முனகும், கைப்பிடியில ஒரு நடுக்கம் ஏறும், அந்த நடுக்கம் அப்படியே ஃபுட்டேஜ்ல இருக்கும். ட்ரைபாட்லயும் இதே கதை, ஃப்ளூயிட் ஹெட்ல கவுன்டர் பேலன்ஸ் செட் பண்ணதெல்லாம் வீண். ஸ்டில்ஸ் மட்டும்னா இது எதுவுமே பிரச்சனை இல்ல, குட்டையா இருக்குறது வரம்தான்.

அடுத்தது ப்ரீதிங், இதையும் ஸ்டில்ஸ் ஆளுங்க காதுல வாங்கவே மாட்டாங்க. ரெண்டு பேர் பேசிட்டு இருக்காங்க, ஒருத்தர் கிட்ட ஒருத்தர் தள்ளி, கிட்ட இருக்குறவர் மேல இருந்த ஃபோகஸ பின்னாடி இருக்குறவருக்கு மாத்துறீங்க. ப்ரீதிங் அதிகம் உள்ள லென்ஸ்ல அந்த நொடியில சுவத்துல இருக்குற ஜன்னல் சட்டம் ஃப்ரேம் ஓரத்துல உள்ள நகந்துட்டு வெளிய போகும், யாரோ லேசா ஜூம் பண்ண மாதிரி. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடுச்சுன்னா ஃப்ரேமே மூச்சு விடுற மாதிரி இருக்கும், பேரு சரியாத்தான் வெச்சிருக்காங்க. சோனியோட புது பாடிங்கள்ல ப்ரீதிங் காம்பன்சேஷன்னு ஒண்ணு இருக்கு, லேசா க்ராப் பண்ணி சமாளிக்கும், ஆனா அது சோனியோட சில லென்ஸுக்குத்தான் வேலை செய்யும், சிக்மா டாம்ரானுக்குக் கெடையாது.

இப்ப என்னோட ஓட்டு. எஃப் 4. ஆமா, ரெண்டும் எடுக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு 70-200 எஃப் 4 போதும், ஆனா யாரும் ஒத்துக்க மாட்டாங்க. கேனான் ஆர்எஃப் 70-200 எஃப் 4 வெறும் 695 கிராம். சோனி எஃப் 4 ரெண்டாவது மாடல், 2023ல வந்தது, 794 கிராம், அதுல ஒரு கூடுதல் சமாச்சாரம் என்னன்னா ஜூம் எந்த எடத்துல இருந்தாலும் பாதி அளவு மேக்ரோ போகும், மோதிரம், பூ, விரல் நுனி எல்லாத்துக்கும் லென்ஸ் மாத்தாம எடுக்கலாம், வீடியோவுக்கு பி ரோல் (நடுவுல சேக்குற துணைக் காட்சி) எடுக்குறப்ப இதோட அருமை தெரியும். ரெண்டுமே ஜூம் பண்ணா நீளும், அது குறைதான், மறைக்கல. நீளாத எஃப் 4 வேணும்னா சோனியோட பழைய 2014 எஃப் 4 ஜி இருக்கு, 840 கிராம், செகண்ட் ஹேண்ட்ல கெடைச்சா பாருங்க.

எஃப் 4ல இன்னொரு லாபம் யாரும் சொல்றதில்ல. 200 எம்எம் 2.8ல மூணு மீட்டர் தூரத்துல ஒருத்தர நிக்க வெச்சா ஷார்ப்பா இருக்குற ஆழம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர்தான், எஃப் 4ல சுமார் 5.5. ஸ்டில்ஸ்ல கண்ணுல ஃபோகஸ் விழுந்தா ஜெயிச்சோம், பத்துல ரெண்டு தப்புனா தூக்கிப் போட்டுடலாம். வீடியோவுல ஆள் பேசிக்கிட்டே தலைய முன்னாடி பின்னாடி ஆட்டுவாரு, அந்த 4 சென்டிமீட்டருக்குள்ள அவரு பத்து நிமிஷம் இருக்கணும், தப்புன ஃப்ரேம மட்டும் தூக்கிப் போட முடியாது. நான் 2.8 லென்ஸ் வெச்சிருந்த காலத்துலயே இன்டர்வியூ எல்லாம் 4லதான் எடுத்திருக்கேன், பழைய ப்ராஜெக்ட எல்லாம் திறந்து பாத்தப்பதான் இது தெரிஞ்சுது, வெறும் ஒரு ஸ்டாப்ப சும்மாவே சொமந்திருக்கேன்.

ஆனா ஒண்ணு, இண்டோர் ஸ்டில்ஸ் உங்க வேலையில முக்கியம்னா, உள்ளரங்க விளையாட்டு, மேடை, ராத்திரி நிகழ்ச்சி இந்த மாதிரி, எஃப் 4 பக்கமே போகாதீங்க, மேல போட்ட கணக்குதான் காரணம், 1/500க்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் பொன்னு.

அந்த ரெண்டுக்கும் நடுவுல டாம்ரான் 70-180 2.8. மொத மாடல் 2020ல, 810 கிராம், அதுல லென்ஸ் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்த அடக்குறது) கெடையாது, 2023ல வந்த ஜி2வுல சேத்துட்டாங்க, 855 கிராம், ஃபில்டர் 67 எம்எம். எடையப் பாத்தா எஃப் 4 லென்ஸ், வெளிச்சத்தப் பாத்தா 2.8, போன 20 எம்எம் பத்தி யாரும் அழ மாட்டாங்க. ஸ்டில்ஸ் முக்கியம் வீடியோ கொஞ்சம்னா நான் கண்ண மூடிட்டு இதத்தான் சொல்வேன். குறைன்னு பாத்தா நீளும், சோனி பாடியில தேர்ட் பார்ட்டி லென்ஸுக்கு டெலிகன்வெர்ட்டர் கெடையாது, பர்ஸ்ட் (விடாம தொடர்ந்து படம் எடுக்குறது) செகண்டுக்கு 15 ஃப்ரேமுக்கு மேல போகாது. 15 ஃப்ரேம் பத்தாதுன்னு சொல்ற ஆள நான் இன்னும் பாக்கல, அப்படி இருந்தா அவங்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. கேனான் ஆர்எஃப்காரங்களுக்கு இந்த வழியே இல்ல, 2024ல சிக்மா டாம்ரான் ரெண்டு பேருக்கும் கதவத் தொறந்தாங்க ஆனா க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேம விட சின்ன சென்சார்) லென்ஸுக்கு மட்டும்தான்.

கேனான்காரங்க வேணும்னா பழைய டிஎஸ்எல்ஆர் மவுண்ட்டான இஎஃப்ல 70-200 2.8 ஐஎஸ் ரெண்டாவது மாடல யோசிக்கலாம். 2010ல வந்தது, 1490 கிராம், இரும்புக் குண்டு மாதிரி, ஆனா நீளாது, அடாப்டர் போட்டா ஆர்எஃப் பாடியில ஆட்டோஃபோகஸ் ஒழுங்கா வேலை செய்யும், பழைய கன்வெர்ட்டரும் ஏறும், செகண்ட் ஹேண்ட்ல நெறைய சுத்துது. அமைதியான எடத்துல கேமரா மைக்குல ஃபோகஸ் மோட்டார் சத்தம் லேசா விழும், வெளி மைக் வெச்சா தீர்ந்துது.

இனி 100-400 வகையறா. பகல், வெட்டவெளி, தூரம், இதுக்கு இத விட்டா ஆள் இல்ல. சிக்மா 100-400 5-6.3 சுமார் 1140 கிராம், முன்னாடி பிடிச்சு இழுத்தே ஜூம் பண்ணலாம், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், ஆனா 5.6-8, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல ஸ்டில்ஸுக்கு அது பைக்குள்ள போயிடும். சோனி ஜிஎம் 100-400 1395 கிராம், 2017 லென்ஸ், இன்னும் சளைக்கல. கேனான் ஆர்எஃப் 100-500ல ஒரு விசித்திரம், கன்வெர்ட்டர் மாட்டுனா 300ல இருந்து 500 வரைக்கும்தான் திருப்ப முடியும், கீழ வராது, வாங்குறப்ப யாராவது சொன்னாதான் தெரியும்.

5.6ன்னா பேக்ரவுண்ட் மங்காதேன்னு பயப்படுறவங்களுக்கு ஒண்ணு. ஆள ஒரே சைஸுக்கு ஃப்ரேம் பண்ணா ரொம்ப தூரத்துல இருக்குற பேக்ரவுண்ட் எவ்வளவு கரையும்ங்கிறது ஃபோகல் லெங்த்த எஃப் நம்பரால வகுத்து வர்ற விட்டத்தப் பொறுத்தது. 200ஐ 2.8ஆல வகுத்தா 71 மில்லிமீட்டர். 400ஐ 5.6ஆல வகுத்தாலும் 71. 180 2.8க்கு 64, 200 எஃப் 4க்கு 50. ஆக 400 5.6ல பின்னாடி போய் நின்னு எடுத்தா 200 2.8 அளவுக்கே பேக்ரவுண்ட் கரையும், பின்னாடி போக எடம் இருக்கணும் அவ்வளவுதான்.

வீடியோவுல இந்த வகைக்கு ரெண்டு தலைவலி, ஒண்ணு அந்த மேடைக் கதை, ஜூம் பண்ணா இருட்டும். அதுக்கு வழி இருக்கு, ஆரம்பத்துலயே அபர்ச்சர அந்த லென்ஸோட கடைசி எண்ணுல, சிக்மான்னா 6.3ல, பூட்டிட்டு அதுக்கேத்த ஐஎஸ்ஓ வைங்க, 100ல இருந்து 400 வரைக்கும் அசையாது. ரெண்டாவது, 300 தாண்டுனா கையில பிடிச்சு எடுக்குறது வேஷம்தான், மோனோபாடாவது வேணும். இன்னொண்ணு, ட்ரைபாட்ல வெச்சு பேன் பண்றப்ப ஸ்டெபிலைசேஷன அணைங்க, இல்லன்னா பேன் நிறுத்துன எடத்துல ஃப்ரேம் ரப்பர் மாதிரி இழுத்துட்டு நிக்கும்.

600 எல்லாம் பறவைக்காரங்க சமாச்சாரம், சுருக்கமா முடிக்கிறேன். சோனி 200-600 2115 கிராம், நிக்கான் 180-600 காலர் இல்லாம 1955 கிராம், ரெண்டும் நீளாது, வீடியோவுக்கு வரம். நிக்கான்ல 70 டிகிரி திருப்புனா 180ல இருந்து 600 போயிடும், மணிக்கட்ட மாத்திப் பிடிக்க வேண்டாம். கேனான் 200-800 2050 கிராம், நீளும், 9 வரைக்கும் எறங்கும். மூணுக்குமே ஃபில்டர் 95 எம்எம், வீடியோவுக்கு அந்த சைஸ்ல நல்ல என்டி தேடிப் பாருங்க அப்புறம் பேசலாம். இன்னொரு உண்மை, பகல் பதினொரு மணிக்கு மேல தரை சூடாகி காத்து அலையடிக்கும், 600ல அது வீடியோவுல கானல் நீர் மாதிரி நெளியும், எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அத ஒண்ணும் பண்ண முடியாது.

தூரம் பத்தலன்னு 100-400க்குப் போறவங்க வாங்குறதுக்கு முன்னாடி க்ராப் மோட (சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுக்குறது) ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க. 4கே வீடியோவுக்குத் தேவை 8.3 மெகாபிக்சல், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல 1.5 க்ராப் போட்டாலும் 16:9ல 9 மெகாபிக்சல் மிஞ்சும், அதாவது 70-200 லென்ஸ் 105-300 மாதிரி ஆயிடும், டீட்டெயில் போகாது. நாய்ஸ் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல ஏறும், ஆனா 1.4 கன்வெர்ட்டர் போட்டாலும் ஒரு ஸ்டாப் போகத்தான் செய்யும், இதுக்கு எதையும் கழட்டி மாட்ட வேண்டாம், பட்டன்ல வெச்சுக்கலாம். ஸ்டில்ஸ்ல இந்த வித்தை எடுபடாது, 10 மெகாபிக்சல் ஃபைல்தான் கையில நிக்கும்.

வீடியோ மட்டும்தான், ஸ்டில்ஸே வேண்டாம்னு சொல்றவங்களுக்குன்னு ஃபியூஜினான் எம்கே 50-135 டி 2.9 மாதிரி லென்ஸ் இருக்கு, 980 கிராம், பார்ஃபோகல், ஜூம் பண்ணா ஃபோகஸ் நகராது. ஆனா ஆட்டோஃபோகஸும் கெடையாது ஸ்டெபிலைசேஷனும் கெடையாது, க்ராப் சென்சார் அளவுக்குத்தான், அது வேற உலகம்.

நான் கடைசியா செஞ்சது, 70-200 எஃப் 4 ஒண்ணு சொந்தமா, ராத்திரி ஸ்டில்ஸ் வேலை வந்தா 2.8 வாடகைக்கு. வருஷத்துல ஆறேழு தடவைதான் வாடகைக்குப் போறேன். நீங்களும் எத வாங்கப் போறீங்களோ அத ஒரு நாள் வாடகைக்கு எடுங்க, 200ல வெச்சு ரெக்கார்ட் பட்டன அழுத்திட்டு கிட்ட ஒரு பொருள் தூரத்துல ஒரு பொருள்னு ஃபோகஸ மாத்தி மாத்தி ஃப்ரேம் ஓரத்தப் பாருங்க, அப்புறம் ஒரு தடவை 70ல இருந்து 200 வரைக்கும் மெதுவா திருப்பி வெளிச்சம், ஃபோகஸ், கை எது எடறுதுன்னு பாருங்க, லென்ஸக் கீழ பாத்து தொங்க விட்டு நடந்து மூக்கு தானா எறங்குதான்னு பாருங்க, எறங்குச்சுன்னா லாக் சுவிட்ச் இருக்கான்னு தேடுங்க. அப்புறம் கண்ணுகிட்ட வெச்சு பத்து நிமிஷம் கைய எறக்காம நில்லுங்க, பக்கத்துல ஆள் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா என்னாச்சுன்னு ஓடி வருவாங்க.